காதோ மூக்கோ புண்ணானால் முதலில் திருகாணியைப் பாருங்கள்

தங்கம்தானே போட்டிருக்கிறோம், அப்புறம் எப்படிப் புண் வரும் என்று கேட்காதவர்கள் செட்டிநாட்டில் குறைவு. காரைக்குடியில் எங்கள் அப்பாவின் பட்டறையில் காது குத்துவது, மூக்கு குத்துவது, திருகு மாற்றுவது, பழைய தோட்டைப் பழுது பார்ப்பது என்று என் வேலை முழுக்க இந்த ஓட்டைகளைச் சுற்றித்தான். காது சிவந்து, மூக்கு வீங்கி வருகிறவர்களிடம் எத்தனை பவுன், எந்தக் கடை என்று நான் தொடங்குவதில்லை. நகையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்க்கிறேன். முன்னால் மின்னுகிற வைரமும் கெம்பும் தோலைத் தொடுவதே கொஞ்சம்தான். ராத்திரி பகலாகச் சதைக்குள் கிடப்பது தண்டும் திருகாணியும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. நகை செய்கிற கை என்னுடையது. எது நகையால் வந்தது, எதை வீட்டிலேயே ஆற்றலாம், எதற்கு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வகைப் புண் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாச் சிவப்பும் ஒன்றில்லை. உரசலால் வருவது, உலோகம் ஒத்துக்கொள்ளாமல் வருவது, கிருமியால் வருவது என்று மூன்று இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் கையில் கிடைத்த களிம்பைத் தடவுவதால்தான் ஒரு வாரத்தில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கிறது.

உரசல் புண் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறீர்களோ, எந்தக் காதில் போனை அழுத்திப் பேசுகிறீர்களோ, ஹெல்மெட் எங்கே பிடிக்கிறதோ அந்தப் பக்கம். தொட்டால் வலிக்கும், அரிப்பு அதிகம் இருக்காது. ஓட்டையைச் சுற்றி வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் பொருக்கு கட்டும். அது சீழ் இல்லை, ஆறுகிற புண்ணிலிருந்து வரும் நீர் காய்ந்தது. சில சமயம் ஓட்டை ஓரத்தில் சின்னதாக ஒரு சதை மொட்டு எழும்பும். உரசுகிற காரணத்தை நிறுத்தினால் சில வாரங்களில் அது அடங்கிவிடும்.

உலோகம் ஒத்துக்கொள்ளாதபோது முன்னால் வந்து நிற்பது அரிப்பு. வலி பிறகுதான். பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும், ஏனென்றால் இரண்டிலும் ஒரே நகை. தோல் வறண்டு செதில் விடும், சிலருக்குப் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வந்து கசியும். சிவப்பு நகையின் வடிவத்திலேயே பதிந்திருக்கும். தோட்டின் பின்வட்டம் எவ்வளவோ சிவப்பும் அவ்வளவு. நகையைப் போட்ட உடனே வராது, அரை நாளிலிருந்து மூன்று நாள் கழித்து வரும். அதனால்தான் பலரும் நகையைச் சந்தேகப்படாமல் நேற்று சாப்பிட்ட கருவாட்டைச் சந்தேகப்படுகிறார்கள். கழற்றினால் அடங்கி, மறுபடி போட்டால் திரும்ப வருகிறதென்றால் அது அநேகமாக உலோகம்தான்.

கிருமிப் புண்ணை அடையாளம் காண்பது கடினம் இல்லை. தொட்டால் சூடு, உள்ளே விண்விண் என்று தெறிக்கிற வலி, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், நாற்றம். நாளுக்கு நாள் சிவப்பு பரவும், காய்ச்சல்கூட வரும். இது வந்தால் நகைக்காரரிடம் வர வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நகையை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். ஓட்டை வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். கழற்றுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

மூன்றும் கலந்தும் வரும். அலர்ஜியில் அரித்து, தூக்கத்தில் சொறிந்து, நகக்கண் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் வைத்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மேல்காது மட்டும் தனிக்கதை. காதின் கீழ்ச் சதையில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். மேலே இருப்பது குருத்தெலும்பு, அதற்குச் சொந்த ரத்தக் குழாய் இல்லை. அங்கே கிருமி பிடித்தால் காதின் மேல்பாதி முழுக்கச் சிவந்து வீங்கும், கீழ்ச் சதை மட்டும் சாதாரணமாக இருக்கும். சூடோமோனாஸ் என்கிற கிருமிதான் பல சமயம் இதற்குக் காரணம். சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அது மசியாது. தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிப் போகும், பிறகு பழைய வடிவம் திரும்பாது. மேல்காது சிவந்து வலித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திருகுக்குள் என்ன இருக்கிறது

உடம்பை உறுத்தும் உலோகங்களில் முதலிடம் நிக்கலுக்கு. கோபால்ட், குரோமியம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். சுத்தத் தங்கமே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அபூர்வம். நிக்கலைத் தோல் ஒருமுறை எதிரியாகப் பதிந்துகொண்டால் அநேகமாக ஆயுசுக்கும் மறக்காது. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு நாற்பது வயதில் தொடங்குவதும் உண்டு. இவ்வளவு நாள் போட்டேனே என்பது அதனால் சாட்சியாகாது.

நம்மூர் 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் பொன், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நிக்கல் அதில் தேவையில்லை. சிக்கல் வருவது பொன்னுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற பொருள்களால். 22 காரட் மெத்தென்றிருக்கும், மரை சீக்கிரம் தேயும். அதனால் திருகை மட்டும் காரட் குறைத்துக் கடினமாகச் செய்வார்கள், அல்லது வேறு உலோகத்தில் செய்து மேலே முலாம் பூசுவார்கள். அழுத்தி மாட்டும் புஷ் வகையில் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அது தங்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் வெள்ளை நிறத்துக்காகவே நிக்கல் சேர்ப்பதுண்டு. மேலே பூசிய ரோடியம் என்கிற வெள்ளை உலோகம் தேய்கிறவரை அது தெரியாது.

ஹால்மார்க் இருக்கிறதே என்பார்கள். ஹால்மார்க் சொல்வது தங்கம் எவ்வளவு என்பதை. மீதி என்ன என்பதை அது சொல்லாது. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கமாக நகையில் பொறித்திருக்கும் எச்.யு.ஐ.டி. என்கிற அடையாள எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தியும் குழந்தைகளின் பொட்டுக் கம்மலும் பாதிக்குமேல் அந்த எடைக்குள்தான் வரும். சதைக்குள்ளேயே கிடக்கும் நகைக்கு முத்திரை இல்லாமல் போகிறது. ஆகவே சின்ன நகையைத்தான் தெரிந்தவரிடம், கேள்வி கேட்டு வாங்க வேண்டும்.

கவரிங்கும் 'ஒரு கிராம் தங்கமும்' வேறு விஷயம். பித்தளையின் மேல் நேராகத் தங்கம் பூசினால் நிற்காது, மினுங்காது. அதனால் நடுவில் நிக்கல் ஒரு பூச்சு கொடுப்பது முலாம் தொழிலில் சாதாரணம். மேலே உள்ள தங்கம் தலைமயிரை விட மெல்லியது. அது தேய்ந்ததும் சதையைத் தொடுவது நேராக நிக்கல். வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்புத்தண்ணீர் பட்ட நிக்கல் மெல்ல மெல்லக் கரையும். காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோகம் கரைந்து அரிபடுவதையும் முலாம் பூசுவதையும் இத்தனை வருஷமாக ஆராய்கிறார்கள். அங்கே கண்ணாடிக் குடுவையில் நடப்பது சித்திரை வெயிலில் உங்கள் காது ஓட்டையிலும் நடக்கிறது. வெயில் காலத்தில் அரிப்பு கூடுவதற்குக் காரணம் இதுதான்.

கானாடுகாத்தானிலிருந்து வருகிற ஆச்சி ஒருவர், மாமியார் கொடுத்த ஏழுகல் வைரத்தோட்டோடு வந்தார். இரண்டு காதும் பின்பக்கம் வெந்ததுபோல் இருந்தது.

"ஏன் ஆத்தா, வயசானா தங்கம்கூட ஒத்துக்காதா?"

"தோடு எத்தனை வருஷமா போடுறீங்க ஆச்சி?"

"கல்யாணத்துலேர்ந்து. ஒண்ணும் பண்ணினதில்லையே."

"திருகு?"

"அது மரை போச்சுன்னு பேத்தி கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடையில மாத்தினோம்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோட்டின் தண்டு பழைய பொன், செம்பு கலந்த அந்தச் சிவந்த மஞ்சள் அப்படியே இருந்தது. திருகின் மரையில் மட்டும், மேடு மேடாக இருக்கும் இடங்களில் மஞ்சள் போய் வெள்ளை உலோகம் எட்டிப் பார்த்தது. பள்ளத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது. நிக்கல் சோதிக்கும் திரவம் ஒன்று வைத்திருக்கிறேன், டைமெத்தில்கிளையாக்சைம் என்று பெயர். பஞ்சுக்குச்சியில் அதையும் அம்மோனியாவையும் ஒவ்வொரு சொட்டு விட்டு மரையில் அரை நிமிடம் தேய்த்தேன். குச்சி நுனி ரோஸ் நிறமானது. வேறு குச்சியால் தண்டில் தேய்த்தேன், வெள்ளையாகவே இருந்தது. ஆச்சி இரண்டு குச்சியையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப என் மாமியார் மேல தப்பில்லை" என்றார். அதே பொன்னில் புதுத் திருகு கடைந்து கொடுத்தோம். காது ஆறிய பிறகு அதைப் போட்டு இப்போது சௌக்கியமாக இருக்கிறார்.

இந்தச் சோதனைத் திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது. நகை கெடாது. ரோஸ் ஆனால் நிக்கல் கசிகிறது என்று நம்பலாம். ஆகாவிட்டால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, மிகக் கொஞ்சமாகக் கசிந்தால் அது காட்டாது. தேய்க்க வேண்டிய இடம் முகப்பு இல்லை, தண்டு, மரை, ஸ்பிரிங், கொக்கி வளைவு. காந்தத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். சர்ஜிகல் ஸ்டீல் என்று விற்கும் 316 எல் எஃகில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது, காந்தம் அதை இழுக்காது. அந்த எஃகு நிக்கலை இறுக்கிப் பிடித்திருப்பதால் பலருக்குத் தொந்தரவு தராது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே அலர்ஜி உள்ளவருக்கு, அதுவும் பச்சைப் புண்ணில், நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். ஐரோப்பாவில் குத்திய ஓட்டையில் போடும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்டது என்று எழுத்தில் கொடுத்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு.

வீட்டில் என்ன செய்வது

முதல் வேலை, தடவிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துவது. மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய், சுண்ணாம்பு, டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பற்பசை, எல்லாம். மஞ்சள் நல்லதுதானே என்று ஆச்சிமார்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். குழம்பில் நல்லது. அரைத்த விழுது ஓட்டைக்குள் காய்ந்து உள்ளே கசியும் நீரை அடைத்துவிடும். ஸ்பிரிட்டும் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் கொல்லும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் இரண்டு ஆபத்து. நியோமைசின் உள்ள ஆன்டிபயாடிக் களிம்பே சிலருக்கு அலர்ஜி கிளப்பும். தடவத் தடவச் சிவப்பு கூடினால் அதைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த கிரீம். போட்ட மறுநாள் அரிப்பு நின்றுவிடும், அதனால் ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, உள்ளே கிருமி இருந்தால் சத்தமில்லாமல் பரவும். ஸ்டீராய்டு தேவைப்படலாம், ஆனால் எது, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் சொல்ல வேண்டும்.

தேவைப்படுவது உப்புத்தண்ணீர். மருந்துக்கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில் மலிவாகக் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் 250 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அயோடின் கலக்காத உப்பு கால் டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். உப்பு கூடினால் நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள், எரிந்து காய்ந்து இன்னும் புண்ணாகும். அன்றன்றைக்குக் கலந்து மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெல்லிய காஸ் துணியை அதில் நனைத்து ஓட்டையின் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். பஞ்சு வேண்டாம், நார் திருகில் சுற்றிக்கொள்ளும். பொருக்கு ஊறித் தானாக வந்தால் துடைத்து எடுங்கள், வராததைச் சுரண்டாதீர்கள். பிறகு இன்னொரு காஸால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, போதும். அடிக்கடி கழுவுவதும் எரிச்சலைக் கூட்டும்.

நகையைச் சுழற்றாதீர்கள். ஒட்டிக்கொள்ளும், தினமும் சுற்றிவிடு என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். சுற்றும்போது காய்ந்த பொருக்கு உள்ளே போய்ப் புதுத் தோலைக் கிழிக்கிறது. சும்மா விட்டால் ஒட்டாது. அதேபோல் திருகைக் கடைசிவரை முடுக்கவும் வேண்டாம். குத்திய முதல் வாரத்தில் சதை வீங்கும், அதற்கு இடம் விட்டுத் திருக வேண்டும். இறுக்கினால் திருகின் தலை சதைக்குள் புதைந்துவிடும். புதைந்தால் வீட்டில் நோண்டாதீர்கள், டாக்டர் மரக்க ஊசி போட்டு எடுப்பார்.

ஆறும் காலத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காதின் கீழ்ச் சதை 6 முதல் 8 வாரம். மூக்கு 2 முதல் 4 மாதம். மேல்காதும் தொப்புளும் 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை. அதுவரை ஊருணியிலும் கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் முங்க வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து, சீயக்காய் காதுப்பக்கம் வழியாமல் அலசுங்கள், சீயக்காய்ப் பொடி ஓட்டைக்குள் போனால் எளிதில் வராது. தலைச்சாயம் போடுபவர்கள் அது ஆறாத காதில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயமே பலருக்கு ஒவ்வாது. மாசி பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்திருக்கிறீர்களா? அந்தக் கூட்டத்தில், வெயிலில், மஞ்சள் தண்ணீரும் வியர்வையும் வழிய நடக்கிற மாதத்துக்குச் சற்று முன்னால் மூக்கு குத்திக்கொள்ளாதீர்கள். திருவிழா முடியட்டும்.

நகையை எதற்கு மாற்றுவது

உலோகம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால் அதை அப்படியே விட்டு மருந்து போடுவது வீண். நன்றாக ஆறிய பழைய ஓட்டை என்றால் கழற்றிவிட்டுச் சில வாரம் சும்மா விடுங்கள். புது ஓட்டையைச் சும்மா விட்டால் ஒரே நாளில்கூடத் தூர்ந்துவிடும், அங்கே மாற்று நகை போட்டாக வேண்டும்.

என் முதல் தேர்வு டைட்டானியம். உடம்புக்குள் பொருத்தும் தரத்துக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்று குறியீடு. அது எழுதியிருக்கிறதா, சான்று தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். லேசான சாம்பல் நிறம், கையில் எடையே தெரியாது. தங்கத்தை விட்டு இதையா போடுவது என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆறுகிற வரைக்கும்தான் என்று சொல்லுங்கள். நியோபியமும் நல்லது, கிடைப்பது கஷ்டம்.

தங்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பட்டறையில் ஒன்று செய்து கொடுக்கிறோம். 22 காரட் கம்பியைக் கம்பியச்சில் இழுத்து, பற்றாசே, அதாவது ஒட்டவைக்கும் உலோகமே, வைக்காமல் ஒற்றைக் கம்பியில் வளையம் வளைத்து, நுனியை அரத்தின் தடம் தெரியாமல் மெருகிட்டு மாட்டுவது. திருகு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, பொடி வைத்து ஊதிய இணைப்பும் கிடையாது. உங்கள் ஊர் ஆசாரியிடம் இதே வார்த்தையில் கேட்டால் புரிந்துகொள்வார். மூக்குக்கு இதைவிட நல்ல தங்க நகை எனக்குத் தெரியாது. வெள்ளியைப் புது ஓட்டையில் போடாதீர்கள், அது கறுத்து, கறை தோலில் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

வேப்பங்குச்சியும் விளக்குமாற்று ஈர்க்கும் பல வீடுகளில் இன்னும் உண்டு. ஓட்டை தூராமல் இருக்க நம் பாட்டிமார் கண்ட வழி, நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குச்சியைக் கிருமி நீக்க முடியாது, ஈரத்தில் ஊதும், சிம்பு உள்ளே நிற்கும். புண்ணான ஓட்டையில் வேண்டாம்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அழகான பழைய காதணிகள் கிடைக்கின்றன, வெளியூர்ப் பெண்கள் வாங்கி அங்கேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் பதறுகிறது. என்ன உலோகம், யார் காதில் இருந்தது என்று தெரியாத பொருள். அதைக் கொதிக்க வைக்கவும் முடியாது, பழைய தோடுகளில் உள்ளே அரக்கு வைத்துக் கல் பதித்திருப்பார்கள், சூட்டில் அரக்கு இளகிக் கல் விழும். ஆசாரியிடம் கொடுத்துத் தண்டையும் திருகையும் மட்டும் புதிதாக 22 காரட்டில் மாற்றிப் போடுங்கள். முகப்பின் பழமை அப்படியே இருக்கும்.

ஆறிய ஓட்டைக்கு, ஒரு விசேஷத்துக்கு மட்டும் கவரிங் போட்டே ஆக வேண்டும் என்றால், தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவைத்துப் போடலாம். சில மணி நேரம் தாங்கும். உரிந்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள்.

தோடு கனமாக இருந்தால் மாட்டல் போடுங்கள். நகைப்பெட்டியில் அழகுக்கென்று கிடக்கும் அந்தச் சங்கிலி எடையைத் தலைமயிருக்கு ஏற்றிவிடும், ஓட்டை கீழே இழுபடாது. இழுபடுகிற ஓட்டை ஆறவே ஆறாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எந்த உலோகம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் பல பொருள்களை ஒட்டி 48 மணி நேரம் வைத்திருப்பார்கள். எடுத்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் குளிக்கக்கூடாது, அதனால் வேலை குறைவான வாரமாகப் பார்த்துப் போங்கள். ஜீன்ஸ் பொத்தான் படும் வயிற்றில் கறுத்து அரிக்கிறதா, வாட்ச் கொக்கி, தாலியில் கோத்த ஊக்கு படும் இடத்தில் தடிக்கிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். அதுவே பாதி விடை.

ஓட்டை ஓரத்து மொட்டு சில வாரத்தில் சுருங்காமல் மாதக்கணக்கில் வளர்ந்து, ஓட்டையைத் தாண்டிப் பரவி, ரப்பர் போல் கெட்டியானால் அது கீலாய்டாக இருக்கலாம். நம் நிறத்தோலுக்கு இது கூடுதலாக வரும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் கூடுதல். முடிச்சுப் போட்டு அறுப்பது, சுடுவது எல்லாம் வேண்டாம். வெட்டி மட்டும் எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வருவது அதிகம். தோல் மருத்துவர் அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்குவார், அழுத்தும் காதணியும் கொடுப்பார். அப்படி ஒருமுறை வந்தவர் இன்னொரு ஓட்டை குத்தும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. என்னிடம் கேட்டால் நான் குத்த மாட்டேன்.

புதிதாகக் குத்துகிறவர்கள் துப்பாக்கி மாதிரி அடிக்கும் கருவியைத் தவிருங்கள், மேல்காதுக்கு அறவே வேண்டாம். அதை ஆட்டோகிளேவில் வைத்து முழுதாகக் கிருமி நீக்க முடியாது, மழுங்கிய தண்டு குருத்தெலும்பை நசுக்கும். உங்கள் கண் முன் உறை பிரித்த, ஒருமுறை பயன்படுத்தும் ஊசியைக் கேளுங்கள். குன்றக்குடியிலோ குலதெய்வக் கோயிலிலோ மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் குத்தும்போதும் இதே விதிதான். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு நாள் பாருங்கள். பிள்ளைக்கு முதலில் போடுவது கவரிங்காக இருக்கவே கூடாது. நிக்கலைத் தோலுக்கு அறிமுகப்படுத்துவதே பெரும்பாலும் இந்த முதல் ஓட்டைதான். பெரியவர்கள் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள்.

கல்யாணப் பெண்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசியில் முகூர்த்தம் என்றால் ஆவணியிலேயே லாக்கரிலிருந்து நகையை எடுங்கள். தோடு, மூக்குத்தி, மாட்டல், ஒவ்வொன்றின் திருகையும் கொக்கியையும் ஆசாரியிடம் காட்டி, மாற்ற வேண்டியதை மாற்றி, வீட்டில் ஒரு முறைக்கு ஒரு நகையாக மூன்று மணி நேரம் போட்டுப் பாருங்கள். போட்டுக் கழற்றிய பிறகு அடுத்ததைப் போட மூன்று நாள் இடைவெளி விடுங்கள், அப்போதுதான் எது அரித்தது என்று தெரியும். அரித்ததைத் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி என்னிடமோ உங்கள் ஆசாரியிடமோ கொண்டு வாருங்கள். திருகு கடைய ஒரு வாரம் ஆகும்.